சிங்கப்பூர் நகர் நடுவே ஹாஸ்டலில் தங்கலாமா? இரவு மேசையில் இருந்தவன் சொல்வது

திருச்சியிலிருந்து முதல்முறையாக சிங்கப்பூர் வரும் ஒரு தம்பியின் கேள்வி இது: தனி ஆள், நான்கு இரவு, கையில் அளவான பணம். ஊர் நடுவில் ஹாஸ்டலில் ஒரு கட்டில் எடுத்தால் போதுமா? எந்தப் பகுதியில் எடுப்பது? பத்துப் பேர் படுக்கும் அறை என்றதும் அம்மா பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது?

போதும், தாராளமாகப் போதும். நான் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹாஸ்டலில் மூன்று வருடம் இரவு நேர வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவன். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை என் வேலை நேரம். அங்கே என் முன்னால் வந்து நின்ற சிக்கல்களில் பாதிக்கு மேல் கடிகாரமும் தேதியும் செய்தவை. அழுக்கு, சத்தம், திருட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். அதனால் பகுதி, விலை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் நாலு, நாலேகால் மணி நேரம் பறக்கும். இங்கே நேரம் உங்கள் ஊரைவிட இரண்டரை மணி முந்தி. அங்கே 9ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் இங்கே 10ஆம் தேதி காலை ஆறேகால் போல இறங்குவீர்கள். குடிநுழைவுச் சோதனை முடித்து, ரயில் பிடித்து, எட்டரைக்கு ஹாஸ்டல் வாசலில் நிற்பீர்கள். கட்டில் கிடைப்பது பிற்பகல் இரண்டு மணிக்கு அல்லது மூன்று மணிக்கு. தூங்காத கண்ணோடு ஆறு மணி நேரம் ஊர் சுற்ற வேண்டும். இதைத் தாங்கிக்கொள்ளலாம், பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்களா, பொதுக் குளியலறையில் குளிக்க விடுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டால். பெரும்பாலான இடங்களில் சரி என்பார்கள். கேட்காமல் வந்து நிற்பவரிடம் முகம் சுளிப்பவர்களும் உண்டு.

இதைவிட மோசமான தப்பு ஒன்று இருக்கிறது. அங்கே மாலையில் கிளம்பி இங்கே நள்ளிரவு தாண்டி, அதாவது 10ஆம் தேதி பன்னிரண்டரைக்கு இறங்குகிறவர்கள் செய்வது. இறங்கும் தேதி 10 என்று டிக்கெட்டில் இருக்கிறது, ஆகவே 10ஆம் தேதியிலிருந்து கட்டில் பதிவு செய்துவிடுவார்கள். ஆனால் அந்த இரவு ஹாஸ்டல் கணக்கில் 9ஆம் தேதியைச் சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு ஓர் அண்ணன் இப்படி வந்து நின்றார். கையில் பதிவுச் சீட்டு, முகத்தில் அலுப்பு, எங்களிடம் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. பக்கத்தில் நாலு இடத்துக்குப் போன் போட்டேன், அங்கேயும் இல்லை. கூடத்து சோபாவில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தேன், காலை ஏழு வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர். ஆனால் அன்று பகல் முழுக்க அவரும் தூங்கவில்லை, ஒரு நாள் வீணாயிற்று.

சரி, 9ஆம் தேதிக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டீர்கள் என்றால், "நள்ளிரவுக்கு மேல்தான் வருவேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வராத ஆள் என்று குறித்துவிட்டுக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. இன்னொரு விஷயம், என்னைப் போல இரவில் ஆள் உட்காரும் ஹாஸ்டல்கள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. கதவுக்கு ஓர் எண் அனுப்புவார்கள், அதை அழுத்தி உள்ளே போக வேண்டியதுதான். இறங்கியதும் உங்கள் போனில் இணையம் எடுக்காவிட்டால் அந்த எண்ணை எப்படிப் பார்ப்பீர்கள்? ஊரிலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

ரயில் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும், காலை ஐந்தரை போலத்தான் மறுபடி ஓடும். இடையில் இறங்கினால் டாக்சிதான். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டர் தொகையில் பாதியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள், விமான நிலையக் கட்டணம் தனி. காலை நாலரைக்கு இறங்கியவர் ஒன்றேகால் மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்தால் ஓர் இரவுக் கட்டில் காசு மிச்சம். நான் அதைத்தான் செய்வேன்.

ரயிலில் வரும்போது எல்லோரும் சொல்வது தானா மேராவில் மாறி, கிழக்கு-மேற்குப் பாதையில் பூகிஸ் வரை வருவது. அது சரிதான். ஆனால் லிட்டில் இந்தியாவின் ஜாலான் புசார் ஓரத்தில் தங்கினால் எனக்குப் பிடித்த வழி வேறு. விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தம் வந்து எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அந்தப் பாதை எக்ஸ்போவிலிருந்து தொடங்குவதால் உட்கார இடம் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: வரைபடத்தில் "லிட்டில் இந்தியா" என்று பெயர் போட்ட நிலையத்துக்குப் போவதாக உட்கார்ந்திருந்தால் ரயில் சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ் என்று ஊரை ஒரு வளையம் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகும். அதற்கு வெகு முன்னாலேயே ஜாலான் புசார் நிலையம் வந்துவிடும். அங்கே இறங்கினால் லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவுக்குச் சில நிமிட நடைதான். பெட்டியோடு வருபவருக்கு அந்த வளையம் வீண் நேரம். உங்கள் வீசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையையே நுழைவாயிலில் தட்டி உள்ளே போகலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாள் ஒவ்வொன்றுக்கும் 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) கட்டணம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

இனி எந்தப் பகுதி என்ற கேள்வி. உங்களுக்கு லிட்டில் இந்தியாதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல. "சிங்கப்பூர் வந்தும் இட்லி தோசைதானா" என்று உங்கள் நண்பர்கள் கேலி செய்வார்கள். நியாயமான கேலிதான். சைனாடவுனில் தங்கினால் பகோடா தெரு, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில், நடந்தே மரினா பே என்று நன்றாகத்தான் இருக்கும். கம்போங் கிளாமில் தங்கினால் சுல்தான் பள்ளிவாசல் எதிரே 1908இலிருந்து முர்தபா (கறி வைத்த பரோட்டா) போடும் ஸம்ஸம் கடை இருக்கிறது. படகுத்துறைப் பக்கம், போட் கீ ஓரம், ஆற்றைப் பார்த்தபடி ஹாஸ்டல்கள் உண்டு, ஆனால் கீழே மதுக்கூடங்களின் சத்தம் நள்ளிரவு தாண்டியும் அடங்காது. அங்கே தங்கியவர்களில் தூக்கம் பற்றிப் புலம்பாதவரை நான் பார்த்ததில்லை.

லிட்டில் இந்தியாவை நான் சொல்வதற்குக் காரணம் மறுபடியும் நேரம்தான். வேறு பகுதிகளில் கடைகள் அடைத்துவிட்ட பிறகும், இன்னும் திறக்காத அதிகாலையிலும், இங்கே ஒரு வாய்க்கு ஏதாவது கிடைக்கும். இரவு பதினொன்றுக்கு சார்ஜர் தொலைந்தால் முஸ்தபா என்ற பெரிய கடை இருக்கிறது. முன்பு அது 24 மணி நேரமும் திறந்திருந்தது, கொவிட் வந்த பிறகு அப்படி இல்லை என்றாலும் நள்ளிரவு தாண்டி வரை விளக்கு எரியும். காலை ஆறரைக்கு லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்காவில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கலாம். சைவமென்றால் சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. வீரமாகாளியம்மன் கோயில் அதே சாலையில். மொழி தெரியாத பதற்றம் இல்லாமல், முதல் பயணத்தின் முதல் காலையைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மரினா பே, சென்தோசா எல்லாம் ரயிலில் அரை மணிக்குள் அல்லது சற்றுக் கூட. பகலில் அங்கே போங்கள், இரவில் இங்கே வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி உங்களுக்கு யாராவது எச்சரிக்கை சொல்லியிருப்பார்கள். ஞாயிறு மாலை தேக்கா முழுக்க வெளிநாட்டு ஊழியர்கள் நிறைந்திருப்பார்கள், தெருவில் நடக்கவே இடம் இருக்காது. "அன்று பாதுகாப்பா?" என்று மேசைக்கு வந்து கேட்கும் நம்மூர் ஆட்களைப் பார்க்கும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து வாரம் முழுக்கக் கட்டடத்தில் நின்றவர்கள் ஒரு நாள் மாலை கூடிப் பேசுகிறார்கள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். உங்கள் ஊர்க்காரரே ஒருவர் அங்கே கிடைப்பார், போய்ப் பேசுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் எங்கும் மது அருந்தக் கூடாது, லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தது இது. போத்தலோடு ஹாஸ்டல் வாசற்படியில் உட்காராதீர்கள்.

இங்கே ஹாஸ்டல்கள் பெரும்பாலும் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளில்தான் இருக்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே நீளம், வாசலில் ஐந்தடி நடைபாதை, மேலே இரண்டு மாடி. படத்தில் வண்ண ஜன்னலைப் பார்த்து மயங்கிவிடுவோம். அந்த ஜன்னல் முன் அறைக்கு மட்டும்தான் சொந்தம், தெருச் சத்தமும் அந்த அறைக்குத்தான் சொந்தம். நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டா இரவு பன்னிரண்டா என்று தெரியாது. சிலருக்கு இதில் மூச்சு முட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும், அதிகாலை வந்து தூங்குபவருக்கு அது வரம். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று யோசித்து, ஜன்னல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் படிக்கட்டு. மின்தூக்கி இல்லாத கடைவீடுதான் அதிகம். செங்குத்தான, ஓர் ஆள் அகலப் படி. வரும்போது ஏழு கிலோ பையோடு வந்து, முஸ்தபாவுக்கு இரண்டு முறை போய்விட்டு, திரும்பும்போது முப்பது கிலோப் பெட்டியை மேல் மாடியிலிருந்து இறக்கியவர்களுக்கு நான் எத்தனை முறை கை கொடுத்திருக்கிறேன் என்று எண்ணவே இல்லை. முதுகுவலி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். "தேக்கா பக்கம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு கட்டில், நாளுக்கு இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரசம் சாதத்தோடு" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள். ஹாஸ்டலைவிட மலிவு, நம்மவர் வீடு, அம்மாவுக்கும் நிம்மதி என்று தோன்றும். சுற்றுலாப் பயணிக்கு வீவக வீட்டை வாடகைக்கு விட இங்கே அனுமதி இல்லை. வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாத வாடகை, தனியார் வீட்டுக்குக் குறைந்தது மூன்று மாதம். அதற்குக் கீழே விட்டால் வீட்டுக்காரர் மாட்டுவார், நீங்கள் நடுத்தெருவில் நிற்பீர்கள். ஹாஸ்டல் என்றால் ஹோட்டல் உரிமம் வாங்கி நடத்துவது, உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிந்துகொள்வார்கள். பதியாமல் "பரவாயில்லை, உள்ளே போங்கள்" என்றால் அங்கே தங்காதீர்கள். சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் தங்குமிட முகவரி கேட்பார்கள், அதில் ஹாஸ்டல் முகவரியை எழுதுங்கள். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் இடைத்தரகர்தான்.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது அறையில் ஒரு கட்டில் சாதாரண நாளில் 25 முதல் 60 வெள்ளி. கார்ப்பந்தயம் நடக்கும் வாரமும் புத்தாண்டு இரவும் வந்தால் அதே கட்டில் இரண்டு மடங்குக்குப் போகும். பதிவுப் பக்கத்தில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 40 வெள்ளிக் கட்டில் 47 வெள்ளி 96 காசாகிவிடும். நீங்கள் தனி ஆள் என்பதால் ஹாஸ்டல் லாபம். இரண்டு பேர் என்றால் யோசிக்க வேண்டும், மூன்று பேர் என்றால் சின்ன ஹோட்டல் அறை பார்ப்பதே மேல்.

தைப்பூசத்தின்போது வந்தால் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி போகும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாலை முழுக்க விளக்கலங்காரம். அந்தச் சமயத்தில் தூக்கத்தை எதிர்பார்த்து இங்கே கட்டில் எடுக்காதீர்கள், திருவிழாவை எதிர்பார்த்து எடுங்கள்.

இப்போது அம்மாவின் பயம். பத்துப் பேர் அறை என்றதும் அவர் கண்முன் ரயில்வே நடைமேடை வந்திருக்கும். இங்கே கட்டில் ஒவ்வொன்றுக்கும் திரை, தனி விளக்கு, தலைமாட்டில் மின்செருகி, கீழே பூட்டுப் போடும் பெட்டி. மூன்று வருடத்தில் என் மேசைக்கு வந்த திருட்டுப் புகார்கள் பெரும்பாலும் சார்ஜரும், குளிர்பெட்டியில் வைத்த தயிரும். பூட்டை நீங்களே கொண்டு வாருங்கள், இங்கே வாங்கினால் வீண் செலவு. கடவுச்சீட்டைத் தலையணைக்கடியில் வைக்காதீர்கள், காலி செய்யும்போது அங்கேயே மறந்துவிட்டுப் போனவர்களை விமான நிலையத்திலிருந்து திரும்ப ஓடிவரக் கண்டிருக்கிறேன். தங்கை, அக்கா யாராவது தனியாக வந்தால் பெண்களுக்கு மட்டுமான அறை பல இடங்களில் உண்டு. வயதானவர்களையும் சிறுவர்களையும் சேர்க்காத ஹாஸ்டல்களும் உண்டு, பெற்றோரோடு வருவதானால் விதியைப் படித்துவிடுங்கள்.

கீழ்க் கட்டில் கேளுங்கள். உள்ளே போனதும் படுக்கையின் தையல் ஓரத்தைப் போன் விளக்கில் ஒரு முறை பாருங்கள், கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி, உடனே வேறு அறை கேளுங்கள். பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். ஏசி ராத்திரியில் எலும்புவரை குளிரும், பகலில் சில இடங்களில் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஒரு போர்வை அல்லது கைலி கையோடு இருக்கட்டும். இங்கே மூன்று சதுர முள் செருகி, நம்மூர் உருண்டை முள் போகாது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். மின்சிகரெட் பழக்கம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே அதை வைத்திருப்பதே குற்றம்.

ஆனால் அறையில் உங்களுக்கு மற்றவர்களால் வரும் தொல்லையைவிட, உங்களால் மற்றவர்களுக்கு வரும் தொல்லையைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும், நம்மவர் மேல் வந்த புகார்கள் என் காதில் இன்னும் இருக்கின்றன. குறட்டையை யாரும் குறை சொல்வதில்லை, அது தெய்வச் செயல். அதிகாலை நாலரைக்கு எழுந்து பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரித்து அடுக்குவதைத்தான் யாராலும் மன்னிக்க முடியாது. விடியுமுன் கிளம்புவதானால் முந்தைய இரவே பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே, கூடத்தில் வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு வேண்டாம், படிக்கட்டில் போய்ப் பேசுங்கள். ஊரிலிருந்து ஊறுகாய் கொண்டு வருவதானால் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். எட்டுக் கட்டில் அறையில் ஒரு பூண்டு ஊறுகாய்ப் போத்தல் உடைந்த இரவில் ஜெர்மன் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "இது ஏதாவது வாயுக் கசிவா?" என்று கேட்டான். அவனுக்கு எப்படி விளக்குவது? காலையில் அதே ஊறுகாய்க்காரர் அவனை தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் தோசை வாங்கிக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

கடைசி நாளுக்கும் அதே கணக்குதான். திரும்பும் விமானம் 14ஆம் தேதி நள்ளிரவு ஒரு மணிக்கு என்றால் நீங்கள் 13ஆம் தேதி இரவு பத்துக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி இரவு கிளம்பினால் போதும் என்று நினைத்து விமானத்தையே விட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலை 13ஆம் தேதி காலை பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ காலி செய்ய வேண்டும். பெட்டியை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வெயில் தாங்காவிட்டால் விக்டோரியா தெரு தேசிய நூலகத்துக்குப் போங்கள், தமிழ்ப் புத்தகமும் குளிர்காற்றும் இலவசம், இரவு ஒன்பது வரை உட்காரலாம். ஆனால் அதுவரை உட்காராதீர்கள். ஏழு மணிக்கெல்லாம் திரும்பி வந்து, ஐந்து வெள்ளி கொடுத்தாவது ஒரு முறை குளித்துவிடுங்கள். நாலு மணி நேரம் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.